கடற்கரைப் பயணமும் ஈரியா சமிதியும்



சமிதிகள் ஐந்தனுள் முதலாவது ஈரியா சமிதி. செல்லும் வழியில் உயிர்களுக்குத் துன்பம் நேராதபடி பார்த்து நடத்தல் என்பது அதன் பொருள். முனிவர் பகலொளியில், பிறர் நடந்து பழகிய பாதையில், தமக்கு முன்னே நான்கு முழ அளவு நிலத்தை நோக்கியவண்ணம் நடப்பார். இது துறவறத்தார்க்கு உரியது, இல்லறத்தாராகிய நமக்கு இதில் என்ன வேலை என்று நம்மில் பலர் கருதுவதுண்டு. பள்ளியில் முப்பத்தைந்து ஆண்டுகள் பாடம் சொல்லி ஓய்வு பெற்ற யாமும், உண்மையைச் சொன்னால், அவ்வாறே கருதியிருந்தோம். மாசி மாதத்து விடியற்காலை ஒன்றில் எம் வீட்டு நாய் கடற்கரை மணலில் தோண்டிய குழிதான் எம் கருத்தை மாற்றியது. அக்குழிக்கு ஒரு காரணம் யாம் கூறிய தவறான விடை. ஆகவே இப்பாடத்தை நூலிலிருந்து தொடங்காமல் வீட்டிலிருந்தே தொடங்குகிறோம்.

திருவண்ணாமலையில் எம்முடன் வசிக்கும் பேத்தி ஓர் அலுவலகத்தில் பணிபுரிகிறாள். பறவைகளையும் விலங்குகளையும் தொலைநோக்கியால் கண்டு குறிப்பெழுதுவது அவளுக்குப் பெருவிருப்பம். நான்கு ஆண்டுகளுக்கு முன் கிரிவலப் பாதையோரம் மழையில் நனைந்து கிடந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை எடுத்து வந்து வளர்த்தாள். மணி என்று பெயர். கடந்த மாசியில் ஐந்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மரக்காணம் தொடங்கிக் கோடிக்கரை வரையில் கடலோரமாகக் காரில் சென்றுவர முடிவு செய்தாள். துணைக்கு மணி மட்டுமே. “பெண் பிள்ளை தனியாகவா?” என்று அவள் தாய் தடுத்தபோது யாம் பேத்தியின் பக்கம் நின்றோம். இருபது வயதில் ஆசிரியப் பயிற்சிக்காகத் தகரப் பெட்டியுடன் தனியே பேருந்து ஏறியபோது எம் அன்னையாரும் இவ்வாறே கலங்கினார். பயிற்சி நல்லபடியே முடிந்தது. பெட்டி இன்றும் பரணில் இருக்கிறது.

புறப்படுவதற்கு முதல் நாள் பேத்தி எம்மிடம் ஒன்று கேட்டாள். “பாட்டி, அதிசாரம் ஐந்தில் கட்டுதல்தான் முதலாவது என்று பாடசாலையில் சொல்லிக் கொடுத்தீர்களே. மணியைக் கயிற்றில் கட்டி அழைத்துச் செல்வது சரியா?”

அகிம்சை அணுவிரதத்துக்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் அதிசாரங்கள் கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் கொடாது தடுத்தல் என்பன. இவற்றைச் சற்று நிறுத்திப் பார்த்தால் ஒன்று விளங்கும். நம் கைக்குள் அகப்பட்ட உயிரை, குறிப்பாக மாடு, குதிரை, நாய் போன்ற வீட்டு விலங்கை மனத்தில் கொண்டே ஆசாரியர் இவற்றை வகுத்திருக்கிறார். காட்டுப் புலிக்கு யாரும் பாரம் ஏற்றுவதில்லை. அழகுக்கென்று நாயின் காதையும் வாலையும் வெட்டுவது உறுப்பறுத்தல் அல்லாமல் வேறென்ன? இவ்வளவும் அறிந்த யாம், கட்டுதல் என்னும் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, “கடற்கரை திறந்த வெளிதானே, கட்டாதே. தயிர் சோறும் பருப்புச் சோறும் தின்று வளர்ந்த நாய், அது யாருக்கு என்ன செய்துவிடும்?” என்று கூறிவிட்டோம்.

பயிற்சிப் பள்ளியில் எமக்கு முதலில் கற்பித்தது, வினாவை முழுதும் கேட்டபின் விடை சொல் என்பதுதான். அதை எழுபது வயதுக்குமேல் மறந்தோம்.

காரில் செல்வோர்க்கு நான்கு முழம்

யாம் கூறியவை எல்லாமே பிழை அல்ல. வெறிநாய்க்கடி நோய்க்கும் டிஸ்டெம்பர் நோய்க்கும் தடுப்பூசி போடாமல் மணியை வெளியே கொண்டுசெல்லக் கூடாது என்றோம். இது நாயின் நலத்துக்கு மட்டுமன்று. 2018-ஆம் ஆண்டு குஜராத் மாநிலத்துக் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களுக்குள் இறந்தன. இறந்தவை சிலவற்றின் உடலில் காணப்பட்டது டிஸ்டெம்பர் வைரஸ். நாய்களிடம் பரவலாக இருக்கும் இந்நோய் காட்டு விலங்குகளுக்கும் தொற்றக்கூடியது.

சூரியன் மறைந்தபின் வண்டி ஓட்டாதே என்பது எம் இரண்டாவது நிபந்தனை. இதற்கு ஒரு சிறு கணக்கு உண்டு. ஆசிரியர்கள் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். முழம் ஒன்றுக்கு ஒன்றரை அடி என்றால் நான்கு முழம் ஆறு அடி. நடந்து செல்பவர் ஆறு அடிக்கு முன்னே எறும்புச் சாரியைக் கண்டால் காலை நிறுத்திவிடலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. ஓட்டுபவர் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிப்பதற்கே ஏறத்தாழ ஒரு வினாடி போய்விடும். அதன்பின் வண்டி முற்றிலும் நிற்க இன்னும் முப்பது மீட்டருக்கு மேல் வேண்டும். ஆகவே அந்த வேகத்தில் நான்கு முழம் என்பது ஐம்பது அறுபது மீட்டர் ஆகிவிடுகிறது. இரவில் தாழ்த்திய விளக்கொளியில் அத்தனை தூரம் தெளிவாகத் தெரிவதில்லை. சாலையைக் கடக்கும் நரியும் கீரியும் பாம்பும் மழைக்காலத் தவளையும் அந்த இருளில்தான் நசுங்குகின்றன. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் நிறுத்தும் தூரம் பாதிக்கும் கீழே வந்துவிடும். ஏனெனில் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பகலொளி என்றும், பழகிய பாதை என்றும், பார்க்கும் தூரம் என்றும் முனிவர்க்கு வகுத்த மூன்றும் காருக்கும் அப்படியே பொருந்தக் கண்டு எமக்கே வியப்பு உண்டாயிற்று.

பேத்தி செஞ்சி, திண்டிவனம் வழியாக மரக்காணம் சென்று, முதல் நாளைக் கழுவெளியில் கழித்தாள். விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இந்தப் பெரிய உவர்நீர்ப் பரப்பை நம்மவர் பலர் அறியார். மேல்சித்தாமூர் மடத்துக்குச் செல்வோர் இன்னும் சற்றுக் கிழக்கே சென்றால் இதைக் காணலாம். 2021-ஆம் ஆண்டில் இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 5,000 எக்டேருக்கும் மேல். மழைநீரும் கடல்நீரும் கலக்கும் இந்த ஆழமற்ற நீரில் பூநாரையும் கூழைக்கடாவும் நாரை வகைகளும் வந்து இரை தேடுகின்றன. குளிர்காலத்தில் வடதிசையிலிருந்து வாத்துகளும் உள்ளான்களும் வருகின்றன. கொசு உள்ளான் என்னும் சிறு பறவையின் எடை ஏறத்தாழ 25 கிராம். ஓர் எலுமிச்சம்பழம் அதைவிடக் கனமாக இருக்கும். அது குஞ்சு பொரிப்பது வடதுருவத்தை அடுத்த சைபீரியப் பகுதியில். மாசி, பங்குனி மாதங்களில் அது ஓயாமல் சேற்றைக் கொத்திக்கொண்டிருப்பது திரும்பிச் செல்லும் பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை உடலில் சேர்ப்பதற்காக. ஒரு நாய் ஓடிச் சென்று அக்கூட்டத்தைக் கிளப்பினால், பறவை ஒன்றும் சாவதில்லை, ஓர் இறகும் உதிர்வதில்லை. ஆனால் உண்ணும் நேரம் போகிறது, சேர்த்த கொழுப்பும் செலவாகிறது. அன்று நான்கு முறை அவ்வாறு கிளப்பப்பட்டால் அப்பறவைக்கு அது பட்டினி நாள். உணவைத் தடுத்தல் என்னும் அதிசாரம் கட்டிவைத்த மாட்டுக்கு மட்டும் உரியதோ என்று கேட்டால், எம்மால் உடனே ஆம் என்று சொல்ல இயலவில்லை.

முதல் நாள் பேத்தி காரைவிட்டு இறங்காமலே பார்த்தாள். நின்றிருக்கும் காரைப் பறவைகள் அவ்வளவாக அஞ்சுவதில்லை. மணியும் பின்னிருக்கையில் உறங்கியது.

மணி தோண்டிய குழி

இரண்டாம் நாள் விடியலில், புதுச்சேரிக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தை ஒட்டிய கடற்கரையில் மணியை அவிழ்த்துவிட்டாள். எம் சொற்படி கட்டவில்லை. நாய் அலையோரம் ஓடியது, நண்டு வளைகளை முகர்ந்தது, பின் மேட்டு மணலுக்குச் சென்று இரு முன்னங்கால்களாலும் தோண்டத் தொடங்கியது. நாய் விளையாடுகிறது என்று எண்ணி இவள் தொலைநோக்கியைக் கடலின் பக்கம் திருப்பினாள். வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “பாப்பா, நாயைப் பிடிம்மா! ஆமை முட்டை, ஆமை முட்டை!” என்று கூவிக்கொண்டு ஓடிவந்தபோதுதான் திரும்பிப் பார்த்தாள். ஒன்பது முட்டைகள் உடைந்திருந்தன. மணியின் மூக்கில் மஞ்சட்கரு ஒட்டியிருந்தது.

தொலைபேசியில் இதைச் சொல்லும்போது அழுதாள். யாம் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மணலில் நடந்தது என்ன என்பதைச் சிறுவர்க்கு விளக்குவது அவசியம். நம் கடற்கரையில் மிகுதியாக முட்டையிடுவது பங்குனி ஆமை. சிற்றாமை என்றும், ஆங்கிலப் பெயரால் ஆலிவ் ரிட்லி என்றும் வழங்குவர். தை முதல் பங்குனி வரையில், பெரும்பாலும் இரவில், பெண் ஆமை கரையேறுகிறது. நீரில் துடுப்பாக உதவும் கால்களால் மணலில் உடலை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்து, பின்கால்களால் ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போன்ற குழி பறித்து, நூறு அல்லது அதற்கு மேற்பட்ட முட்டைகளை இடுகிறது. பின்னர் மணலை மூடி, தன் உடலாலேயே தட்டி இறுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. மீண்டும் வந்து பார்ப்பதில்லை. அக்குழியைக் காக்க மணலைத் தவிர வேறு துணை இல்லை. மனிதக் கண்ணுக்கு அது வெறும் மணல். நாயின் மூக்குக்கோ வாயில் திறந்த வீடு.

முட்டை பொரிய நாற்பத்தைந்து முதல் அறுபது நாள் வரையில் ஆகும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. வெப்பம் மிகுந்தால் பெண். பொரிந்த குஞ்சுகள் வெளிச்சம் மிகுந்த திசையைக் கடல் என்று எண்ணி ஓடுகின்றன. இயற்கையான இருளில் அது சரியாகவே அமையும். கரையில் விடுதி விளக்குகள் எரிந்தால் அவை சாலையை நோக்கி ஓடி மடிகின்றன. தப்பிக் கடல் சேர்ந்தவற்றுள்ளும் வளர்ந்து பெரிதாகும் வரையில் பிழைப்பவை மிகச் சிலவே. நெடுங்காலம் கழித்து அவை தாம் பிறந்த கடற்பகுதிக்கே முட்டையிடத் திரும்புகின்றன.

முட்டைகள் அவ்விரவில் இட்டவை என்பது மணலில் இருந்த தடத்தால் தெரிந்தது. பெரியவர் வனத்துறைக்குச் செய்தி சொல்ல, பணியாளர் வந்து மீதி முட்டைகளைப் புரட்டாமல் எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டு சென்றனர். விரைந்து வந்தது நல்லதாயிற்று. சில மணி நேரத்துக்குப் பின் கரு முட்டையின் மேற்புற ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு அழிந்துவிடும். ஆகையால் உடைந்த குழியைக் கண்டால் நாமே கருணையால் எடுத்து வேறிடத்தில் புதைக்க முயலக் கூடாது. கடல் ஆமை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ள உயிர். அறிந்தோரிடம் விடுவதே முறை. சென்னையில் 1970-களிலிருந்தே இளைஞர்கள் இரவில் கடற்கரை நெடுக நடந்து ஆமை முட்டைகளைக் காத்து வருகின்றனர். 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று இதைத் தொடர்ந்து செய்கிறது. முட்டைகளைத் தேடுவதில் அவர்கள் நாய்களை முந்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இவ்விடத்தில் சிலர் கேட்கக்கூடும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரைப் பகுதியில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கினவே, இழுவலையில் சிக்கி மூச்சு முட்டி இறந்தவை அவை, அங்கே ஒன்பது முட்டை ஒரு பொருட்டா என்று. ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது, வலைக்குள் அகப்பட்டால் மேலே வர இயலாமல் நீரிலேயே இறக்கும் என்பது உண்மை. அவ்வலைகளில் ஆமை தப்பிச் செல்ல வாயில் அமைக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆயினும் அவ்வலை எம் கையில் இல்லை. மணியின் கயிறு இருந்தது.

பாவம் யாருடையது?

ஊர் திரும்பிய பேத்தி கேட்ட முதல் வினா இதுவே. இதைப் பாடசாலையில் பெரிய வகுப்புக்கு வைத்தபோது, ஒரு சிறுவன் “நாயுடையது” என்றான். ஒரு சிறுமி “ஆசிரியையுடையது” என்று மெல்லச் சொன்னாள். அவளுக்கே அதிக மதிப்பெண் கொடுத்தோம்.

தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்குத் தரும் இலக்கணத்தில் முதலில் வருவது உயிர் போதல் அன்று, பிரமாதம். அதாவது கவனமின்மை, கசாயங்களுக்கு வசப்பட்ட நிலை. அதன் வாயிலாக உயிருக்கு நேரும் ஊறே இம்சை. அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இன்னும் நுணுகிச் சென்று, ஒருவர் செய்த இம்சையின் பயனைப் பலர் துய்ப்பதும், பலர் செய்ததன் பயனை ஒருவர் துய்ப்பதும் உண்டு என்கிறார். மணி ஐந்தறிவுள்ள, மனமும் உடைய ஜீவன். அதற்கும் வினை உண்டு. ஆயினும் மணலுக்கு அடியில் இருப்பது ஒரு தாயின் நூறு மக்கள் என்று அதற்குச் சொல்ல யாரும் இல்லை. பேத்திக்கு அது ஆமை முட்டையிடும் மாதம் என்பது தெரியும், ஆனால் நாயின் மூக்கைப் பற்றி நினைக்கவில்லை. எமக்கோ இரண்டையும் கேட்டறிய நேரம் இருந்தது. கேட்காமலே விடை சொன்னோம். பங்கு பிரித்தால் பெரும்பங்கு எம்முடையதே.

இனி, கட்டுதல் என்னும் சொல்லுக்கு வருவோம். ஒரு ஜீவன் தான் விரும்பிய இடத்துக்குச் செல்ல இயலாதபடி தடுத்தல் என்பது அதன் பொருள். அவ்வாறாயின் எல்லாக் கயிறும் குற்றமே என்று தோன்றும். ஆனால் உரையாசிரியர் சிலர் இங்கு ஒரு வேறுபாடு காட்டுகின்றனர். இரக்கமின்றி, அசையவொட்டாமல் இறுகக் கட்டுவது ஒன்று. தேவை கருதி, தளர்வாக, தீப்பற்றினால் விலங்கு தானே விடுவித்துக்கொள்ளக் கூடியவாறு கட்டுவது மற்றொன்று. முதலாவதே அதிசாரம். எத்தனை நூற்றாண்டுகளுக்கு முன் மாட்டுத் தொழுவத்தை நினைத்து எழுதியது! அன்று அதை எடுத்துப் படித்திருந்தால், மார்போடு சேர்த்துப் பூட்டும் பட்டையும், நடந்து முகர இடம் தரும் பத்தடிக் கயிறும் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்போம். நான்கு முழம் பார்த்து நடக்க நாய்க்குத் தெரியாது. அதற்காக நாம் பார்க்கும்போது, நம் பார்வை எட்டும் அளவே கயிறும் இருக்க வேண்டியதாகிறது.

நாய் வளர்ப்பதே தகாது என்பாரும் நம்மில் உளர். கொல்லும் இயல்புடைய விலங்குகளை வளர்ப்பது அனர்த்த தண்டத்தில் சேரும் என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மையே. பெருமைக்காக விலை கொடுத்து வேட்டை நாய் வாங்குவோரை நோக்கி அதைச் சொல்லலாம். மழையில் கிடந்த குட்டியை எடுத்தவளை நோக்கிச் சொல்ல எம் நா எழவில்லை. சீவக சிந்தாமணியை நினைவு கூருங்கள். அந்தணர்களின் உணவைத் தீண்டிய நாய் ஒன்று அடிபட்டு உயிர் துறக்கும் நிலையில் கிடந்தபோது, சீவகன் அருகமர்ந்து பஞ்ச நமஸ்கார மந்திரத்தை அதன் செவியில் ஓதினான். அந்நாயே சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னொரு நாள் சீவகனுக்கு உயிர் ஆபத்து நேர்ந்தபோது வந்து காத்தது. எம் ஊர் ரமணாசிரமத்திலும் லட்சுமி என்னும் பசுவுக்கும் ஒரு மானுக்கும் காகத்துக்கும் பக்கத்தில் ஜாக்கி என்னும் நாய்க்கும் சமாதி உண்டு. நாயை நேசிப்பதில் பிழையில்லை. நாய் நேசிக்காதவற்றையும் சேர்த்து நேசிப்பதுதான் கடினமாக இருக்கிறது.

கோடிக்கரை

எஞ்சிய நாள்களில் மணி கயிற்றோடுதான் சென்றது. கடலூரில் ஒரு கடைத்தெருவில் கயிறு வாங்கினாளாம். மணல் சுடுகிறதா என்பதைத் தன் புறங்கையை வைத்துப் பார்த்தபின்பே நாயை இறக்கினாள். கடல்நீரைக் குடிக்கவிடாமல் நன்னீர் கொடுத்தாள். சிதம்பரம், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் எல்லாம் விரைவிலேயே கடந்துவிட்டன. பறவைக் குறிப்பு மட்டும் ஆறு பக்கம். வேதாரணியத்தை அடுத்த அகத்தியம்பள்ளி உப்பளங்களில், 1930-இல் இராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த அந்த மண்ணில், பூநாரைக் கூட்டத்தைச் சாலையில் நின்றே கண்டாள். தலையைக் கவிழ்த்து, அலகை நீரில் தலைகீழாக வைத்து, நுண்ணுயிர்களை வடிகட்டி உண்ணும் பறவை அது. அவ்வுணவில் உள்ள நிறப்பொருளே அதன் இறகுக்கு இளஞ்சிவப்பைத் தருகிறது.

கோடிக்கரைச் சரணாலயம் வெளிமானைக் காக்கவே 1967-இல் ஏற்படுத்தப்பட்டது. 2002 முதல் இப்பகுதி ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் விளங்குகிறது. வெளிமானின் ஆணை இரலை என்பர். கருமை படர்ந்த முதுகும் முறுக்கிய கொம்பும் உடையது. பேத்தி இப்பயணத்தை வகுத்ததே அதைக் காணத்தான். மான் இலாஞ்சனம் உடையவர் சாந்திநாதர், ஆமை முனிசுவிரதருக்கு, சங்கு நேமிநாதருக்கு. இம்மூன்றையும் ஒரே பயணத்தில் காணலாம் என்று கணக்கிட்டுக் கொடுத்தவர்கள் யாமே.

ஆனால் சரணாலயத்துக்குள் வளர்ப்பு நாய்க்கு அனுமதியில்லை. அதற்குக் காரணம் உண்டு. வெளிமான் தன் குட்டியைப் புல்லில் மறைத்துவிட்டு அப்பால் சென்று மேயும். குட்டி அசையாமல் கிடப்பதே அதற்குக் காப்பு. கண்ணால் தேடும் பகைவனிடமிருந்து அது காக்கும், மூக்கால் தேடும் நாயிடமிருந்து காக்காது. மணியைக் காருக்குள் பூட்டிவைத்துவிட்டுச் செல்லலாம் என்றால், வெயிலில் நிற்கும் கார் சில நிமிடங்களிலேயே அடுப்பாகிவிடும். நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்வை இல்லை. நாக்கை நீட்டி இரைத்தே உடல் வெப்பத்தைத் தணிக்க வேண்டும். மூடிய காருக்குள் அது உயிருக்கே ஆபத்து. ஆகவே பேத்தி வாயிலருகே ஒரு மரநிழலில் மணியுடன் அரைமணி நேரம் அமர்ந்திருந்துவிட்டு, மானைக் காணாமலே திரும்பினாள்.

“மணியை எங்களிடம் விட்டுச் சென்றிருக்கலாமே?” என்று கேட்டோம். “தனியே போகப் பயமாக இருந்தது பாட்டி, அம்மாவிடம் சொல்லவில்லை” என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டாள். அடுத்த முறை அவளுடன் யாமே செல்வதாக இருக்கிறோம். முழங்கால் ஒத்துழைத்தால்.

பாடம் நடத்துவோர்க்கு

சிறுவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும்போது கிளிஞ்சல் பொறுக்கவிடுவது வழக்கம். சங்கும் சிப்பியும் ஈரறிவுயிர்கள் என்பது நம் சிறுவர்க்கு மனப்பாடம். தொல்காப்பியமும் நத்தை இனத்தை ஈரறிவிலும், நண்டையும் தும்பியையும் நான்கறிவிலும் வைக்கிறது. ஆனால் கையில் எடுத்த சங்குக்குள் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பவர் சிலரே. வெறும் சங்கு என்று எண்ணி எடுத்தாலும் அதற்குள் துறவி நண்டு குடியிருக்கக்கூடும். பெயர்தான் துறவி, பிறர் விட்டுச் சென்ற வீடு இல்லாமல் ஒரு நாளும் இராது! வளர வளரப் பெரிய சங்காகத் தேடும். நாம் பையில் அள்ளிக்கொண்டு வருவது அதன் அடுத்த வீடு. பார்க்கட்டும், வரையட்டும், வைத்த இடத்திலேயே வைக்கட்டும்.

கடலுக்குச் செல்ல இயலாதோர் ஊரிலேயே இப்பாடத்தை நடத்தலாம். எம் ஊர்ப் புள்ளிமான்கள் கோடையில் தண்ணீர் தேடி மலையிலிருந்து கிரிவலப் பாதைப் பக்கம் இறங்கி நாய்களால் கடிபட்டு இறந்த செய்தியை இவ்வூரார் பலரும் அறிவர். ஏரிக்கரையில் ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிடும். கூழாங்கற்களுக்கும் முட்டைகளுக்கும் வேறுபாடு தெரியாது. அது தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்தினால் ஓர் அடியும் எடுத்து வைக்காமல் நின்று, வந்த காலடித் தடத்திலேயே திரும்பும்படி சிறுவரைப் பழக்குங்கள். அதனினும் எளிய செய்முறைப் பயிற்சியை யாம் கண்டதில்லை.

பங்குனி கடந்து சித்திரை பிறந்த சில நாளில் அந்தக் குப்பத்துப் பெரியவர் பேத்திக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார். பொரிப்பகத்தில் குஞ்சுகள் வெளிவந்துவிட்டன, அன்றிரவு கடலில் விடுகிறார்கள் என்று. அவள் பேருந்தில் சென்றாள். இம்முறை மணி எம்முடன் தங்கியது. குஞ்சுகள் உள்ளங்கையளவுகூட இல்லையாம். யாரும் விளக்குப் போடாமல் இருட்டில் நின்றார்களாம். அலை வந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போயிற்றாம்.